வயிற்று வலி வெறும் பிரமையா?



எஸ்.பி.எம். தேர்வு நாளன்று காலையில் பிள்ளை மூன்று முறை கழிப்பறைக்கு ஓடுகிறான். "படிக்காதவன் சாக்குச் சொல்கிறான்" என்று அதட்டுகிறோம். அது சாக்கு அல்ல. பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பொறாமை வந்தால் வயிறு எரிகிறது என்று சொல்லி வைத்த மொழி நம்முடையது.

மருத்துவ உலகம் இதை நேரிலேயே பார்த்திருக்கிறது. 1822-இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் காயமடைந்தார். உயிர் பிழைத்தாலும் இரைப்பையில் விழுந்த துளை மூடவில்லை. சிகிச்சை அளித்த டாக்டர் வில்லியம் போமொன்ட் அந்தத் துளை வழியாகவே செரிமானத்தை ஆராய்ந்தார். கோபம் வந்தால் அது பாதிக்கப்படுவதையும் கண்டு, 1833-இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார்.

காரணம் இன்று தெரியும். நம் உணவுப் பாதையின் சுவரில் மட்டும் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. அதை மூளையுடன் இணைப்பது 'வேகஸ்' நரம்பு. அதன் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றுச் செய்தியை மூளைக்குக் கொண்டு செல்பவை. ஆகவே, கவலை குடலைக் கலக்கும். கலங்கிய குடல் கவலையைக் கூட்டும்.

இப்போது சொல்லுங்கள். பல ஆண்டுகளாக வயிற்று வலி. ஸ்கோப் செய்து பார்த்தும் ஒன்றும் இல்லை. உடனே வீட்டில், "எல்லாம் உன் பிரமை" என்கிறோம். இது நியாயமா? ஸ்கோப் குடலின் உட்புறத்தைக் காட்டும். நரம்புகள் பேசிக்கொள்வதைக் காட்டாது. 2016-இல் வெளிவந்த 'ரோம் 4' மருத்துவ வரையறை, ஐ.பி.எஸ். எனப்படும் குடல் நோயை, குடலுக்கும் மூளைக்கும் இடையிலான தொடர்புக் கோளாறுகளில் ஒன்றாகவே சேர்த்தது. அந்த வலி நிஜம். உணவு மாற்றம், மருந்து, மனநல ஆலோசனை என்று அதற்கு வழியும் உண்டு. ஆலோசகரிடம் போவது அவமானம் அல்ல. அதுவும் வயிற்றுக்கான வைத்தியமே.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், இரத்தச் சோகை, 50 வயதுக்குப் பின் மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றை 'டென்ஷன்' என்று ஒதுக்காதீர்கள். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இனி வீட்டில் யாராவது வயிறு சரியில்லை என்றால், "என்ன சாப்பிட்டாய்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "மனசுக்கு என்ன?" என்றும் கேளுங்கள்.