கோல நோட்டிலிருந்து போட்டோ பார்டர்

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில், போட்டோ தொழில் செய்யும் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம்)



போட்டோவைச் சுற்றி கோலம் மாதிரி பார்டர் போட்டுக் கொடுக்கிறீங்களே, அது எப்படி என்று பல குழுக்களில் கேட்டீர்கள். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கணும். எங்களிடம் வருகிற பலர் கொண்டு வருவது ஒரே ஒரு போட்டோ. இறந்துபோன அம்மாவுடையது, வேறு பிரதி கிடையாது. கம்ப்யூட்டரில் ஏதாவது தப்பா அமுக்கி அதைக் கெடுத்துடுவோமோ என்று புதுசா கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கை நடுங்கும். மாஸ்க் என்ற முறையில் அந்தப் பயமே வேண்டாம். மாஸ்க் போட்டோவை வெட்டுவதில்லை, மறைக்க மட்டும்தான் செய்யும்.

வாசலில் கலர்ப்பொடி தூவ ஓட்டை போட்ட கோல அச்சு வைக்கிறோம் இல்லையா? ஓட்டை உள்ள இடத்தில் பொடி விழும், மற்ற இடத்தில் விழாது. மாஸ்க்கும் அதே சங்கதிதான். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் போட்டோ தெரியும். கருப்பாக இருக்கும் இடத்தில் மறையும். சாம்பல் நிறமாக இருந்தால் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். மாஸ்க்கை எடுத்துவிட்டால் பழைய போட்டோ அப்படியே இருக்கும்.

நாங்கள் கிம்ப் என்ற மென்பொருளில் செய்கிறோம். 1995-ல் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கியது அது. இலவசம். போட்டோஷாப்பிலும் இதே வேலை நடக்கும், ஆனால் அதற்குச் சந்தா கட்டணும். கடன் வாங்கித் தொழில் தொடங்குகிற குழு அந்தச் செலவை ஏன் சுமக்கணும்?

இப்போ செய்முறை. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1200க்கு 1800 புள்ளி. கோலத்தை முழுசா வரைய வேண்டாம், ஒரு மூலை மட்டும் வெள்ளைத்தாளில் கருப்புப் பேனாவால் வரைந்தால் போதும். அதை ஸ்கேன் செய்து, மூன்று தடவை காப்பி எடுத்து, ஃப்ளிப் கருவியால் திருப்பிப் போட்டால் நாலு மூலையும் வந்துடும். ஓரத்தில் முடிகிற கோடுகள் தானாகவே எதிர்க்கோட்டோடு சேர்ந்துவிடும்.

அடுத்து, கோலத்துக்கு வெளியே உள்ள ஓரத்தை பக்கெட் கருவியால் கருப்பாக்கணும். நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கட்டும். இங்கேதான் கவனம் தேவை. கோட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் கருப்பு உள்ளே வழிந்து, நடுவில் உள்ள முகத்தையே மறைச்சிடும். புள்ளி சுற்றிப் போடும் சிக்குக் கோலம் இதற்கு ரொம்பப் பொருத்தம். அதில்தான் கோடு எங்கேயும் விட்டுப்போகாதே!

பிறகு போட்டோ லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, அந்த மாஸ்க்கின் மேல் கிளிக் செய்து, கோலத்தை பேஸ்ட் செய்து ஆங்கர் கொடுக்கணும். போட்டோவுக்குக் கீழே ஒரு மஞ்சளோ அரக்கோ நிறைந்த லேயர் வையுங்கள். மறைந்த இடத்தில் அந்த நிறம் தெரியும், அதுதான் பார்டர். ஓரம் மென்மையாக வேணும் என்றால் மாஸ்க்கில் மட்டும் கொஞ்சம் ப்ளர் கொடுத்தால் போதும். வேலையை எக்ஸ்.சி.எஃப். கோப்பாகச் சேமிக்கணும். ஜேபெக்காக மட்டும் வைத்தால் லேயரும் மாஸ்க்கும் போய்விடும். பிரிண்ட் எடுத்தபின் ஓரம் வெட்டுவார்கள், அதனால் கோலத்தை விளிம்பிலிருந்து 40 புள்ளியாவது தள்ளி வையுங்கள்.

ஒரு மாஸ்க் செய்து வைத்தால் அதே அளவில் எத்தனை போட்டோவுக்கும் போடலாம். 5க்கு 7 படத்துக்கு அதையே இழுத்துப் போடாதீங்க, வட்டப்புள்ளி நீள்வட்டமாகிடும். தனியாகச் செய்யுங்கள்.

"செல்போனிலேயே சும்மா பார்டர் வருதே, இதுக்கு யார் காசு கொடுப்பாங்க?" என்று ஒரு தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. வெறும் பார்டருக்கு யாரும் கொடுக்கமாட்டாங்க. ஆனால் இறந்த அம்மாவின் கோல நோட்டை மகள் எடுத்து வந்து, இந்தக் கோலத்தையே அம்மா படத்தைச் சுற்றிப் போடுங்க என்று கேட்டால், அது எந்தச் செல்போனிலும் கிடையாது. அப்படி ஒரு படம் போட்டுக் கொடுத்தோம். அதைப் பார்த்துவிட்டு அந்தத் தெருவிலிருந்தே மூன்று வீட்டார் நோட்டோடு வந்தார்கள்.

இன்டர்நெட்டில் கிடைக்கிற பார்டரை எடுத்து விற்பது வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அது வேறொருவர் வரைந்தது, அனுமதி இல்லாமல் காசு வாங்குவது முறையில்லை. நம்ம நோட்டில் இருக்கிற கோலமே வருஷக்கணக்கில் வரும்.

கற்றுக்கொள்ள விரும்புகிற குழுக்கள், குழுவுக்கு இரண்டு பேர் எங்கள் கடைக்கு வரலாம். கோல நோட்டும் கருப்பு மைப் பேனாவும் எடுத்து வாங்க. பென்சிலில் போட்டு வராதீங்க, ஸ்கேனில் சாம்பலாகத்தான் விழும்.