ரசத்துக்குப் பேரேடு



கவிதை வாசிப்பான்னு நினைச்சு வந்திருப்பீங்க. இன்னிக்குக் கணக்குப் பேசப்போறேன். பாங்கில் நகைக்கடன் மேசையில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பார், கல்லும் அரக்கும் கழிப்பார், எடை சொல்வார். நான் எழுதுவேன். தங்கத்தின் கணக்கில் குன்றிமணி தப்பாது. அந்தத் தங்கத்தைப் பிரிச்செடுத்த பாதரசம் எங்கே போச்சு?

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியது. குழியில் இறங்கியவர்களோ பெரும்பாலும் வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம்ம ஜனம். வெட்டிய பாறையை மில்லில் இரும்பு உலக்கைகள் இடிக்கும். தண்ணியோடு குழம்பா ஓடுற பொடியை ரசம் பூசின செப்புத் தகட்டு மேல விடுவாங்க. தங்கத்தை ரசம் கவ்விக்கும். அதைச் சுரண்டி, பிழிஞ்சு, காய்ச்சினா ரசம் ஆவியாகும், தங்கம் நிக்கும். ஆவியைக் குளிரவச்சுப் பிடிப்பாங்க. முழுசும் சிக்காது. கொஞ்சம் காத்தோட, கொஞ்சம் துளித்துளியா உடைஞ்சு கழிவு மணலோட. பிறகு சயனைடு வந்தது. மண்மேட்டுக்கும் சயனைடு மேடுன்னே பேராச்சு. ரசத்தை யாரும் பேசலை.

சயனைடு வெயிலில், காற்றில் மெல்லச் சிதையும். ரசம் தனிமம், சிதையாது. ஏரிச் சேற்றில் இறங்கினால் நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக்கும். அது மீனில் ஏறும். மீன் தின்ற தாயின் வயிற்றுப் பிள்ளையின் மூளையைத் தொடும். கலிபோர்னியாவில் 19ஆம் நூற்றாண்டுத் தங்கவேட்டை சிந்திய ரசத்தால், இன்னமும் அங்கே ஆற்றுமீனை அளவோடு தின்னுங்கள் என்று அரசே எச்சரிக்கிறது. வெள்ளைக்காரன் தன் ஊரிலாவது அளந்து பார்த்தான்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயலை மூடினார்கள். வேலை போச்சு, மேடு நின்னுது. காத்தடிச்சா அந்தத் தூசி லைன் வீட்டுச் சோத்துத் தட்டில் உட்காரும். 2024இல் 13 மேடுகளையும் தங்கத்துக்காகத் திரும்பக் கிளற கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. சுமார் 3.3 கோடி டன் மண். டன்னுக்கு எவ்வளவு தங்கம்னு கணக்குப் போடத் தெரிஞ்சவங்களுக்கு, எவ்வளவு ரசம்னும் பார்க்கத் தெரியும். கிளறுறதுக்கு முன்னாடி மேட்டை, பழைய மில் தரையை, ஏரிச் சேற்றை அளக்கட்டும். முடிவைத் தமிழிலும் கன்னடத்திலும் ஒவ்வொரு லைன் முனையிலும் ஒட்டட்டும்.

மனு எழுதி வச்சிருக்கேன். பேனா மேசை மேல இருக்கு. டீ குடிச்சிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க.