கோடை விடுமுறையும் ஒரு குடம் தண்ணீரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியச் சுவை மிக்க பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். காப்பியங்களைப் பற்றிப் பேச இந்த அவையிலேயே எம்மினும் கற்றோர் பலர் உளர். ஆதலின், எல்லார் வீட்டிலும் ஆண்டுதோறும் நிகழ்கின்ற ஒன்றைப் பற்றியே பேசத் துணிந்தோம். கோடை விடுமுறையே அது. அவ்விடுமுறையில் எங்கள் குடியிருப்பு கற்ற ஒரு பாடத்தையும் உங்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

தேர்வுகள் முடிந்ததும் மாஹிமில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். இரயிலில் இடம் கிடைத்தவர்கள் ஊருக்குப் போவார்கள். கிடைக்காதவர்கள் இங்கேயே இருந்து ஊரை இங்கே வரவழைத்துக் கொள்வார்கள். சென்ற ஆண்டு நாங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்திருந்தோம். அதனால் குறைந்தது ஒன்றுமில்லை. மாதுங்கா கடைத்தெருவில் மாவடு வந்தது. தாராவித் தெருக்களில் நுங்கு வந்தது. இவ்வூரார் அதைத் தாட்கோலா என்பர். மொட்டை மாடியில் வடாம் பிழிந்தோம். காக்கை விரட்டும் பொறுப்பு குழந்தைகளுடையது. அதற்குக் கூலி, பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கூழ். காக்கைகள் கொண்டதைவிடக் காவலர்கள் கொண்டதே அதிகம் என்று இல்லத்தரசியார் கணக்குக் காட்டினார். நண்பகலில் பல்லாங்குழி, மாலையில் கடற்கரை, இரவில் மாடியில் பாய். இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு மிகச் சிறிது. ஆயினும் குழந்தைகள் ஆண்டு முழுவதும் நினைத்திருப்பது இவற்றையே அன்றோ?

மாஹிம் கடற்கரையை நீங்கள் அறிவீர்கள். கோலி மக்களின் படகுகள் ஒருபுறம். எதிரே வளைகுடாவின் குறுக்கே பாந்த்ரா – வொர்லி கடற்பாலம். அதன் கம்பிகளுக்கிடையே இறங்கும் ஞாயிறு. ஒரு காலத்தில் அக்கரையில் கால் வைக்கவே தயங்குவோம், அத்துணைக் குப்பை. 2017ஆம் ஆண்டில் அருகில் வாழும் குடிமக்கள் சிலர் வார இறுதிகளில் தாமே குனிந்து குப்பை பொறுக்கத் தொடங்கினர். பிறகு மாணவரும் அயலாரும் சேர்ந்துகொள்ள, டன் கணக்கில் குப்பை அகன்றது. கடல் மீண்டும் கொண்டுவந்து கொட்டுவதை மீண்டும் வாரினர். நம் பிள்ளைகள் மணல்வீடு கட்டுவதற்கு முகமறியாத யாரோ முதுகு வளைத்திருக்கின்றனர் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

அக்கரையிலிருந்து திரும்பும் வழியில் தாளுக்கிடையே தகடாக மடித்த மாஹிம் ஹல்வாவை வாங்கிக் கொடுத்து, குழந்தைகளை நடக்கவைக்க ஒரு கதையும் சொல்வது எங்கள் வழக்கம். அன்று எல்.ஜே. ரோடின் கதையைச் சொன்னோம். நாள்தோறும் இப்பெயரைச் சொல்கிறோம். அவ்வெழுத்துக்கள் யாரைக் குறிக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? லேடி ஜம்ஷெட்ஜி என்பதன் சுருக்கம் அது. 1842ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்ற பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் துணைவியார் அவர். ஆவாபாய் என்பது அவர் இயற்பெயர்.

அக்காலத்தில் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே பாலமில்லை. சதுப்பும் கழிமுகமுமாகக் கிடந்த நீரைப் படகில் கடக்கவேண்டும். மழைக்காலத்தில் படகுகள் கவிழ்ந்து உயிர்கள் போயின. பணமில்லை என்று ஆட்சியாளர் கைவிரித்தனர். ஆவாபாய் அம்மையார் தம் பொருளை அளித்தார். பணி நடுவில் பணம் போதாமற் போகவே மீண்டும் அளித்தார். இன்றைக்கன்று, அன்றைக்கே அத்தொகை ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல்! 1845ஆம் ஆண்டில் பாதை திறக்கப்பட்டது. அம்மையார் விதித்த கட்டளை ஒன்றுண்டு: இப்பாதையில் செல்பவர் எவரிடமும் சுங்கம் வாங்கலாகாது என்பதே அது. 2009ஆம் ஆண்டில் திறந்த கடற்பாலம் கட்டணப் பாதை. பழைய பாதையில் இன்றும் யாரும் காசு கேட்பதில்லை. இதைக் கேட்டு எங்கள் மகள், ஒன்பது வயதினள், வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தாள்.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது எமக்குப் பெருமை தருவதன்று.

குடியிருப்பின் வாயிலுக்கு வந்தோம். முதுகில் பெரிய பொதியுடன் பண்டங்களை வீடுதோறும் சேர்க்கும் இளைஞன் ஒருவன், வியர்வையில் நனைந்தவனாய், குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று காவற்காரரை வினவிக் கொண்டிருந்தான். வெளியாரை உள்ளே விடலாகாது என்ற விதியைக் காவற்காரர் சுட்டிக்காட்டினார். விதியை இயற்றிய கூட்டத்தில் நாமும் கைதூக்கியவர்தாம். நாங்கள் அவனைக் கண்டோம்; கண்டும் படியேறினோம்.

இரண்டாம் மாடியில் மகள் நின்றுவிட்டாள். "அப்பா, அந்த அம்மையார் பாலமே கட்டிக் கொடுத்தார் என்றீர்களே! நாம் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே?" என்றாள். விடை சொல்ல நாவெழவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு விரைந்து இறங்கினோம். அவன் போய்விட்டிருந்தான். தெருக்கோடிவரை சென்று பார்த்தோம், காணவில்லை. நிறைந்த சொம்புடன் திரும்பி ஏறிய அந்தப் படிகளைப்போல் உயரமான படிகளை நாங்கள் இதுகாறும் ஏறியதில்லை.

மறு ஞாயிறன்று குடியிருப்புக் கூட்டத்தில், வாயிலுக்கு வெளியே நிழலில் ஒரு தண்ணீர்ப் பானை வைக்கலாம் என்று கேட்டோம். எதிர்த்தவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் சொன்ன காரணங்களிலும் நியாயம் இருந்தது. மும்பைக்கு நீர் தருபவை ஏழு ஏரிகள். அவை மழையையே நம்பியிருப்பவை. மே மாதத்தில் அவற்றின் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். நமக்கோ காலையில் குறித்த நேரமே குழாயில் நீர் வருகிறது. "நமக்கே போதாதபோது தருமம் எங்ஙனம்?" என்றார் ஒரு மாமா. தூய்மை என்ன ஆகும் என்றார் மற்றொருவர். வாயிலில் கூட்டம் சேரும் என்றார் வேறொருவர்.

அப்போது கூட்டத்திலேயே மூத்தவரான பாட்டி ஒருவர் பேசினார். "இருபத்து நான்கு வீடுகள். வீட்டுக்கு இரண்டு லிட்டர் கொடுத்தால் நாற்பத்தெட்டு ஆயிற்று. வண்டிகளைக் குழாய் வைத்துக் கழுவுவதை விட்டுவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள், அதைவிடப் பன்மடங்கு மிஞ்சும்" என்றார். அத்துடன் கணக்கு முடிந்தது.

பிறகு ஓர் இளைஞர், பானைக்கு மேல் பலகை வைத்து, நீர் கொடுக்கும் குடும்பங்களின் பெயர்களை எழுதலாம் என்றார். அதற்கும் பாட்டியே விடை சொன்னார். திங்களூர் அப்பூதியடிகளின் வரலாறுதான் அவ்விடை. வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைத்த அப்பூதியார், தாம் கண்ணாற் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரை அதற்கு இட்டிருந்தார். வழிநடந்து வந்த நாவுக்கரசரே அப்பந்தலைக் கண்டு, "உம் பெயரை இடாமல் வேறொருவர் பெயரை இட்டது ஏன்?" என்று கேட்க, அப்பூதியார் மனம் நொந்தார் என்று பெரியபுராணம் கூறும். "தண்ணீர் வைத்தவன் பெயர் தாகத்தைத் தீர்க்குமா?" என்றார் பாட்டி. எமக்கு ஆவாபாய் அம்மையார் நினைவுக்கு வந்தார். அத்துணை ஈந்தவரின் சொந்தப் பெயர்கூட அச்சாலையில் இல்லை. கணவரின் பெயரே நிற்கிறது.

பலகையில் தண்ணீர் என்ற ஒரு சொல்லை மட்டும் மராத்தியிலும் உருதுவிலும் தமிழிலும் குழந்தைகள் எழுதினார்கள்.

பானை வாங்கக் குழந்தைகளுடன் தாராவியின் கும்பார்வாடாவுக்குச் சென்றோம். அங்குள்ள குயவர்களின் முன்னோர் சௌராட்டிரத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப்போலவே பிழைக்க வந்த இடத்தை ஊராக்கிக் கொண்டவர்கள். பெரியவர் ஒருவர் பிள்ளைகளை அருகில் அமர்த்திப் பானையின் இயல்பை விளக்கினார். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிகிறது; கசிந்தது ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மும்பையின் கடற்காற்றில் ஈரம் மிகுதியாதலால் ஆவியாதல் மெதுவாகவே நடக்கும். ஆகவே நிழலோடு காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள் என்றார். பள்ளியில் ஒரு பக்கம் படித்தும் விளங்காத அறிவியல் அங்கே ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று.

வேலைகளைக் குழந்தைகளே பகிர்ந்துகொண்டனர். காலையில் வடிகட்டிய நீரை வீடுவீடாகச் சென்று பெறுவது ஒரு குழு; குவளைகளைக் கழுவிக் கவிழ்ப்பது ஒரு குழு; மாலையில் பானையைத் தேய்த்து வைப்பது ஒரு குழு. நீண்ட காம்புள்ள அகப்பையால் மொண்டு ஊற்றவேண்டும். பானைக்குள் கைபடலாகாது என்பது அவர்களே செய்த சட்டம். அஞ்சற்காரர் வந்தார், உணவுக் கூடை சுமக்கும் டப்பாவாலா வந்தார், மீன் விற்றுத் திரும்பும் கோலிப் பெண்கள் வந்தனர். தர்காவுக்குச் செல்வோரும், புதன்தோறும் மைக்கேல் மாதாகோயிலுக்குச் செல்வோரும், சீதளாதேவி கோயிலுக்குச் செல்வோரும் வந்தனர். பானைக்கு எல்லாரும் ஒன்றே.

ஒருநாள் தெருப் பெருக்கும் மூதாட்டி ஒருவர் வந்தார். குவளைகள் கவிழ்த்து வைத்திருந்தும் அவற்றைத் தொடவில்லை. சற்று விலகி நின்று, குனிந்து, இரு கைகளையும் குவித்து ஏந்தினார். மேலிருந்து யாரேனும் ஊற்றுவர் என்று எதிர்பார்த்தார். வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தண்ணீர் அப்படித்தான் கிடைத்திருக்க வேண்டும். பொதுக்குளத்து நீரை அள்ளிப் பருகும் உரிமைக்காக டாக்டர் அம்பேத்கர் இதே மாநிலத்து மஹாட் நகரில் ஆயிரக்கணக்கான மக்களுடன் சென்று நீர் பருகியது 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள். அது நடந்து தலைமுறைகள் ஆகியும் அந்தக் கைகள் இன்னும் குவிகின்றன. காரணம் அறியாத எங்கள் மகள், "பாட்டி, சிந்திவிடும்; குவளையிலேயே குடியுங்கள்" என்று நிரப்பிய குவளையை அக்கைகளில் வைத்தாள். மூதாட்டியார் குவளையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மெல்லக் குடித்தார். மாடியிலிருந்து பார்த்துக் கொண்டிருந்த நாங்கள் பேசவில்லை. வெறும் தாகம் தீர்ப்பதாக எண்ணி வைத்த பானை, நாம் எண்ணாத வேறொன்றையும் செய்தது.

பெரியோர்களே! நாம் யார் என்பதை ஒருகணம் நினைத்துப் பார்ப்போம். நம் தந்தையரும் பாட்டன்மாரும் ஒரு தகரப்பெட்டியுடன் தாதரில் வந்து இறங்கியவர்கள். மொழி தெரியாத ஊரில் முதல் இரவு படுக்க இடமும் முதல்வேளைச் சோறும் யாரோ கொடுத்தனர். ஊருக்குப் போகும் கோடைப் பயணத்தில், இரெய்ச்சூருக்கும் குண்டக்கல்லுக்கும் இடையே அனல் வீசும் நண்பகலில், சன்னல் வழியே நம் கூஜாவில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பெயர் சொல்லாமல் அடுத்த பெட்டிக்கு ஓடிய கைகளை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். இம்மும்பையின் தெருக்களிலே பார்சியரும் குசராத்தியரும் பிறரும் கட்டிவைத்த பியாவ் என்னும் கல் தண்ணீர்ப் பந்தல்கள் இன்னும் பல நிற்கின்றன. சிலவற்றில் மாடுகள் குடிப்பதற்கென்று கீழே தொட்டியும் உண்டு. பல வறண்டுபோயின, சிலவற்றை அண்மை ஆண்டுகளில் செப்பனிட்டு மீண்டும் நீர் வரச் செய்திருக்கின்றனர். நாம் குடித்த நீருக்கு நாம் பட்ட கடன் இது. கொடுத்தவரைத் தேடித் திருப்பித்தர இயலாது. அடுத்து வருபவனுக்குக் கொடுத்தே அக்கடனைத் தீர்க்கவேண்டும். வள்ளுவர் ஒப்புரவு என்று ஓர் அதிகாரமே வகுத்தது இதை எண்ணியே போலும்.

குழந்தைகளின் விடுமுறை இதனால் கெட்டதா என்று கேட்பீர்கள். பல்லாங்குழியும் நடந்தது, வடாமும் களவுபோயிற்று, கடற்கரைக்கும் சென்றோம். ஆனால் வேளை தவறாமல் வீடு திரும்பவேண்டும் என்று எங்களை இழுத்து வந்தவர்கள் அவர்கள்தாம். பானை நிரப்பும் முறை அவர்களுடையது ஆயிற்றே! விடுமுறை முடிந்து பள்ளியில் கோடையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, எங்கள் மகள் மலைவாசத் தலத்தைப் பற்றி எழுதவில்லை. பானை எவ்வாறு குளிர்கிறது என்று எழுதினாள்.

அந்த இளைஞன் பிறகு வந்தானா என்றால், தெரியாது. பொதி சுமந்த ஒவ்வொருவரையும் அவள் உற்றுநோக்குவாள். "இவர் இல்லை" என்பாள். ஆயினும் குவளையை நீட்டுவாள். அவனுக்குக் கொடுக்காத ஒரு சொம்பை நாங்கள் இன்னும் எல்லோர்க்கும் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

சூன் மாதத்தில் முதல் மழை பெய்தது. குழந்தைகள் அதில் நனைந்து ஆடிவிட்டு, பானையைக் கழுவிக் கவிழ்த்து மாடிப்படியின் கீழ் வைத்தனர். வரும் கோடைக்கு அது காத்திருக்கிறது. உங்கள் குடியிருப்பின் வாயிலிலும் ஒரு சாண் நிழல் இருக்கும். கும்பார்வாடாவில் பானைகளுக்குப் பஞ்சமில்லை. பெயர்ப் பலகை மட்டும் வேண்டாம்.

  வாழ்க தமிழ்! வளர்க ஒப்புரவு!