எஞ்சின் ரூம் இரைச்சல்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இந்த 61 நாளில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், எஞ்சினை இறக்கிப் பிரிப்பார்கள். எஞ்சின் ரூம் இரைச்சலை அடக்கும் வேலையை மட்டும் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கேட்டால், "எஞ்சின்னா சத்தம் போடத்தானண்ணே செய்யும்" என்று சிரிப்பார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்பது உலகெங்கும் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். அப்படியே போட்டுப் பாருங்கள்: 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். பல நாள் கடலிலேயே தங்கல் போகிற படகில் வேலை முடிந்து வீட்டுக்குப் போவது கிடையாது. எஞ்சினுக்கு மேலேயே சாப்பாடு, மேலேயே தூக்கம். காது ஒரே நாளில் செவிடாகாது. முதலில் அடிபடுவது நாலாயிரம் ஹெர்ட்ஸை ஒட்டிய கூர்மையான ஒலிகள். யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. பெண்டாட்டி பிள்ளைகள் முணுமுணுப்பதாகக் கோபம் வரும்.

பெரிய கப்பல்களுக்கு இதில் சட்டம் உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் இரைச்சல் விதிகள் 2014 ஜூலை முதல் கட்டாயமாயின. 1600 டன் முதல் பத்தாயிரம் டன் வரையுள்ள புதிய கப்பலில் மாலுமி தூங்கும் அறைக்கு வரம்பு 60 டெசிபல். மீன்பிடிப் படகுகளை அந்த விதிகள் சேர்க்கவில்லை. ஆகவே நம் படகுக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரைச்சலை அடக்கும் வேலை என்றதும் பலரும் ஸ்பாஞ்சு வாங்க ஓடுகிறார்கள். என் கருத்தில் அது கடைசியில் வாங்க வேண்டியது. ஒரு துண்டு ஸ்பாஞ்சை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று மறுபுறம் வருகிறதா? சத்தமும் அப்படித்தான் வரும். அறைக்குள் எதிரொலிக்கும் ஒலியை ஸ்பாஞ்சு கொஞ்சம் உறிஞ்சும். வெளியே போகிற ஒலியைத் தடுக்காது. தடுப்பதற்குக் கனம் வேண்டும். தடுப்பின் எடை இரட்டிப்பானால் சுமார் ஆறு டெசிபல் குறையும். அதனால்தான் படகுக்கென்றே செய்யும் ஷீட்டில் இரண்டு ஸ்பாஞ்சு அடுக்குகளுக்கு நடுவே கனமான ஒரு தகடு இருக்கும். முன்பெல்லாம் ஈயம், இப்போது தாதுப்பொடி கலந்த வினைல். எஞ்சினைப் பார்த்த பக்கத்தில் அலுமினியத் தாள்.

அதற்கும் முன்னால் ஓட்டைகளை அடையுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் எஞ்சின் மூடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், மூடியின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு பங்கு போதும். மூடியை எவ்வளவு கனமாகச் செய்தாலும் இருபது டெசிபலுக்கு மேல் குறைக்க முடியாது. இரவில் எஞ்சின் ரூமுக்குள் விளக்கைப் போட்டு மூடியை மூடிவிட்டு மேலே நின்று பாருங்கள். வெளிச்சம் கோடு போடுகிற இடமெல்லாம் சத்தத்தின் வழி. மூடிக்கு ரப்பர் பீடிங், ஒயரும் பைப்பும் போகும் துளைகளுக்கு அடைப்பு. செலவு குறைவு, பலன் அதிகம்.

இங்கேதான் ஒரு சிக்கல். எல்லாவற்றையும் அடைத்தால் எஞ்சின் எப்படி மூச்சு விடும்? ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள டீசல் எஞ்சின், டர்போ இல்லாவிட்டாலும், 1500 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 4500 லிட்டர் காற்றை இழுக்கும். காற்று போதாவிட்டால் கரும்புகை வரும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், அறையும் கொதிக்கும். ஆகவே காற்று வழியை அடைக்கக் கூடாது, வளைக்க வேண்டும். இரண்டு திருப்பமுள்ள ஒரு பெட்டிப் பாதை செய்து, அதன் உட்புறம் ஸ்பாஞ்சு ஒட்டுங்கள். காற்று வளைந்து போய்விடும். கூர்மையான ஒலி ஒவ்வொரு திருப்பத்திலும் மோதிக் குறையும். ஸ்பாஞ்சு தன் காசுக்கு உழைக்கிற இடம் இது.

அடிவயிற்றில் அதிர்கிற "டும்" என்ற ஒலி மட்டும் இதற்கெல்லாம் மசியாது. ஆறு சிலிண்டர் எஞ்சின் 1500 சுற்றில் விநாடிக்கு 75 முறை வெடிக்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் நாலரை மீட்டர். இரண்டு அங்குல ஸ்பாஞ்சு அதை என்ன செய்யும்? அந்த ஒலி எஞ்சின் உட்கார்ந்திருக்கும் கட்டை வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வருகிறது. நல்ல சைலன்சரும் ரப்பர் மவுண்ட்டும்தான் மருந்து. ரப்பர் மவுண்ட்டில் எஞ்சின் ஆடும் என்பதால் சாஃப்ட்டுக்கு வளைந்து கொடுக்கும் கப்ளிங் வேண்டும், அலைன்மென்ட்டும் சரி பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள்.

தீ விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்: மெத்தைக்கடை ஸ்பாஞ்சு எஞ்சின் ரூமுக்கு வேண்டாம். டீசலையும் ஆயிலையும் குடித்து அது விளக்குத் திரி போல ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 9094 என்ற சிறு படகுகளுக்கான தரவிதி, எஞ்சின் அறையில் ஒட்டும் பொருளின் மேற்பரப்பு எண்ணெய் குடிக்கக் கூடாது என்கிறது. 60 டிகிரி வெப்பத்திலும் அது எரிய குறைந்தது 21 சதவீத ஆக்சிஜன் தேவைப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. காற்றில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். வெட்டிய ஓரங்களை அலுமினிய டேப்பால் மூடுங்கள். பசையை மட்டும் நம்பினால் சூட்டில் இளகி ஷீட் ஃபேன் பெல்ட் மேல் விழும். அகலமான வாஷர் வைத்து ஸ்க்ரூ அடியுங்கள். புகைக்குழாயிலிருந்து தள்ளியே இருக்கட்டும். மரப்படகில் அடிப்பலகைகளை மூடவே மூடாதீர்கள்; கசிவு கண்ணில் படாது.

எஞ்சின் ஓசையைக் கேட்டே அதன் நிலைமையைச் சொல்லும் டிரைவர்களுக்குச் சத்தம் அடங்குவது குறையாகத் தெரியலாம். ஆயில் பிரஷர், தண்ணீர் சூடு இரண்டுக்கும் வீல் ஹவுஸில் அலாரம் வைத்துக்கொடுங்கள். இவ்வளவு செய்தாலும் எஞ்சின் ரூமுக்குள் இரைச்சல் பெரிதாகக் குறைந்துவிடாது. இறங்குகிறவரின் காதுக்கு ஷீட் காவல் இல்லை. மூடிக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்துக் காதுமூடி ஒன்றை மாட்டி வையுங்கள்.