மூத்திரப் பரிசோதனைக்கு வெட்கப்படாதீங்க



தலைப்பைக் கேட்டதும் சில பேர் சிரிக்கிறீங்க. சிரிச்சுக்கோங்க. ஆனா வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை டயாலிசிஸுக்குப் போற குடும்பங்க நம்மகிட்டயும் இருக்கு. காப்பீட்டு அட்டையில சிகிச்சை கிடைச்சாலும், பஸ் செலவும் போன கூலியும் யார் தருவாங்க? அதுக்குத்தான் குழுவுல உள்கடன் கேட்டு வர்றாங்க.

கிட்னி கெட ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. மூத்திரம்தான் முதல்ல காட்டிக் கொடுக்கும். டீ வடிகட்டி பிய்ஞ்சா தூள் இறங்குதுல்ல? அது மாதிரி கிட்னி பழுதானா, ரத்தத்துல இருக்கிற ஆல்புமின் என்ற புரதம் மூத்திரத்துல கசியும். நுரை அடங்காம நின்னா கவனிக்கணும். கொஞ்சமா கசிஞ்சா கண்ணுக்கும் தெரியாது, பட்டை நனைச்சுப் பார்க்கிற சோதனையிலும் தெரியாமப் போகலாம்.

அதுக்குத்தான் ஏ.சி.ஆர். சோதனை. தண்ணி நிறைய குடிச்சா மூத்திரம் நீர்த்துப் போகும், சாம்பார்ல தண்ணி ஊத்தினா உப்பு குறையற மாதிரி. அதனால, தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளியேறும் கிரியாட்டினினோடு ஒப்பிட்டு ஆல்புமினை அளக்கிறாங்க. 30-க்குக் கீழே இருந்தா நல்லது. 30 முதல் 300 வரை கசிவு. 300-க்கு மேல அதிகக் கசிவு. காலையில முதல் மூத்திரம் கொடுப்பது நல்லது. மாதவிலக்கு, காய்ச்சல், நீர்க்கடுப்பு இருக்கும்போது கொடுக்க வேண்டாம், கணக்கு தப்பா வரும். ஒரு தடவை கூடினதும் பயப்படாதீங்க. மறுபடியும் பார்த்து, மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாதான் நாள்பட்ட சிறுநீரக நோய்னு சொல்வாங்க.

"ரத்தத்துல கிரியாட்டினின் நார்மல்"னு சொல்லிட்டு சும்மா இருக்கக் கூடாது. அது ஏறுறதுக்குள்ள கிட்னியோட பாதி வேலைத்திறன் போயிருக்கலாம். முன்னாடியே தெரிஞ்சா சர்க்கரை, பிரஷரைக் கட்டுப்படுத்தி, டாக்டர் தரும் மாத்திரையால கசிவைக் குறைக்கலாம். உப்பைக் குறைக்கணும். மூட்டுவலிக்குக் கடையில தானா மாத்திரை வாங்கித் தின்பதை நிறுத்தணும்.

நான் கேட்கிறது ஒண்ணுதான். சர்க்கரை, பிரஷர் உள்ள உறுப்பினர்களும் அவங்க வீட்டுக்காரங்களும் வருஷம் ஒரு தடவை இந்தச் சோதனை செய்யணும்னு ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல எழுதணும். சேமிப்பு கட்டியாச்சான்னு கேட்கிற வாயாலேயே, சோதனை பார்த்தாச்சான்னும் கேட்போம்.