ஹெக்டரும் ஆடுதின்னாப்பாளையும்



இண்டூர் போன்ற ஊர்களின் மானாவாரிக் கொல்லைகளில் ஆடுதின்னாப்பாளை எனும் சிறுகொடி தரையோடு படர்ந்து கிடக்கும். அதைத் தேடிவந்து முட்டையிடும் பட்டாம்பூச்சி ஒன்றுண்டு. அதன் சிறகு கறுப்பு. உடல் குருதிச் சிவப்பு. முன்சிறகில் வெள்ளைப் பட்டைகள். அறிவியல் அதற்கு இட்ட பெயர் ஹெக்டர். ஹோமரின் இலியத்தில் திராய் நகரைக் காக்கப் போரிட்டு மாண்ட இளவரசனின் பெயர் அது.

இப்பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ். 1758இல் வெளிவந்த தமது நூலின் பத்தாம் பதிப்பில் விலங்கினங்களுக்கெல்லாம் இருசொற் பெயர் அளித்தார். பெயர்கள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன, பழங்கதைகள் கைகொடுத்தன. பெரிய பட்டாம்பூச்சிகளை இரு படைகளாகப் பிரித்து, மார்பில் குருதிநிறப் புள்ளி உடையவற்றைத் திராய் வீரர் என்றும், அஃதில்லாதவற்றைக் கிரேக்க வீரர் என்றும் வகுத்தார். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் பெயர்கொண்ட பட்டாம்பூச்சியும் தமிழகத்தில் உண்டு. அதன் புழு நெட்டிலிங்க இலையைத் தின்று வளர்கிறது. காவியத்தில் பகைவரான இருவரும் இங்கே ஒரே வானில் பறக்கின்றனர்!

லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். அவர் கண்டது உயிரற்ற பூச்சியின் நிறத்தை மட்டுமே. அச்சிவப்பு போரில் சிந்திய குருதியன்று. பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை. புழு தின்னும் கொடியின் நஞ்சு பூச்சியின் உடலிலும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அடுத்தமுறை விலகிச் செல்லும்.

இந்த உண்மையின் பாதியை நம் ஆடுமேய்ப்பவர்கள் முன்னரே பெயராக்கி வைத்தனர். எதையும் மேயும் ஆடும் தொடாத கொடி ஆடுதின்னாப்பாளை. கிரேக்கப் பெயர் ஒரு கதையைச் சுமக்கிறது. தமிழ்ப் பெயரோ கண்டறிந்த அறிவைச் சுமக்கிறது.

மக்கள் வாயில் வழங்கும் சொல்லை அறிவியலும் ஏற்கும். தருமபுரித் தோப்புகளில் காய்க்கும் மாவுக்கு அதே லின்னேயஸ் தந்த பெயர் மாஞ்சிஃபெரா. மாங்காய் தருவது என்பது பொருள். தென்னாட்டுச் சொல் போர்த்துக்கீசியர் நாவேறிக் கடல் கடந்து, இலத்தீனிலும் இடம்பெற்றது. 2019இல் தமிழக அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனின் அறிவியற் பெயரில் தாயிஸ் என்னும் கிரேக்கப் பெண்பெயர் இருக்கிறது. எனினும் தமிழர் நாவில் நிற்பது மறவன் என்னும் சொல்லே.

ஹெக்டரைப் பிழைக்க வைத்தவர் ஹோமர் என்னும் கவிஞர். அவர் பாடியிராவிட்டால் லின்னேயசுக்கு அப்பெயர் கிடைத்திராது. கொல்லை வீட்டுமனையாகும்போது கொடி அழிகிறது; அதைப் பெயர் சொல்லி அழைத்த முதியவர் மறைந்தால் சொல்லும் அழிகிறது. கொடியைக் காப்பது உழவர் கையிலும் ஊரார் கையிலும் உள்ளது. சொல்லைக் காப்பது கவிஞர் கடன். பாட்டில் ஏறிய பெயர் நிலைக்கும்; நாளைய அறிவியலுக்கும் அது பயன்படும்.