உயரம் மட்டும் போதாது

(அணுபுரத்தில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ராக்கெட் எங்கே போகிறது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘மேலே’ என்பார்கள். பதினோராம் வகுப்பில் சுற்றுப்பாதை வேகத்தின் சூத்திரத்தைத் தவறில்லாமல் எழுதும் பிள்ளையும் அதையேதான் சொல்லும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அணுமின் நிலையம் பழகிய பேச்சு. ராக்கெட் செய்தியில் வருவது. அந்த ‘மேலே’ என்ற சொல்லுக்காகத்தான் கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் என்ற கணினி விளையாட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தேன்.

அதில் கெர்பின் என்றொரு கற்பனைக் கோள். ஆரம் 600 கி.மீ.; காற்று மண்டலம் 70 கி.மீ. உயரத்தில் முடிந்துவிடும். முதல் நாள் பிள்ளைகள் ராக்கெட்டை நேராக மேலே விடுவார்கள். 100 கி.மீ. ஏறும், திரும்பி விழும். எரிபொருள் தொட்டியைப் பெரிதாக்குவார்கள். இன்னும் உயரம் போய் விழும். அப்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. ஆசிரியருக்கு அதுதான் சிரமம்!

சாய்க்க வேண்டும் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். புறப்பட்டதும் மெல்லக் கிழக்கே சாய்த்து, 10 கி.மீ. உயரத்தில் 45 டிகிரிக்குக் கொண்டுவந்து, பாதையின் உச்சி 80 கி.மீ. என்று திரை காட்டியதும் என்ஜினை அணைத்துவிட வேண்டும். உச்சியை நெருங்கும்போது கிடைமட்டமாக மறுபடி எரிக்க வேண்டும். ஏன் இது சிக்கனம்? நேராக ஏறும்போது ஈர்ப்பு விசை ஒவ்வொரு வினாடியும் 9.8 மீ/வி வேகத்தைத் தின்றுவிடுகிறது. அதற்காகத் தொடக்கத்திலேயே படுக்க வைத்தால் அடர்ந்த காற்று தடுக்கும். இரண்டுக்கும் நடுவிலுள்ள பாதையைப் பிள்ளைகள் மீதி எரிபொருளைப் பார்த்தே பிடித்துவிடுகிறார்கள்.

விளையாட்டுதானே என்று சிலர் கேட்கலாம். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. அதிலிருந்த ஆசாதிசாட், நாடெங்கும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் உழைப்பு. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 356 கி.மீ. வட்டப் பாதையில் விடவேண்டிய செயற்கைக்கோள்கள், ஒரு முனை 356, மறுமுனை 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விடப்பட்டன. உயரத்தில் குறையில்லை. பக்கவாட்டு வேகத்தில்தான் ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைவு. 76 கி.மீ. உயரத்தில் காற்று இருக்கிறது, அவை தங்கவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி., ஆசாதிசாட்-2 செயற்கைக்கோளை 450 கி.மீ. பாதையில் சேர்த்தது. 356, 76 என்ற இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். விளக்கம் பிள்ளைகளிடமிருந்தே வந்தது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் ஏன் இன்னொரு ஏவுதளம்? வரைபடத்தைப் பிரித்து வையுங்கள். துருவங்களின் மேல் சுற்றும் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அந்த வழியில் இலங்கை இருக்கிறது. அதைத் தவிர்த்து வளைந்து போவதில் எரிபொருள் செலவாகிறது. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடல்தான். 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே அடிக்கல் நாட்டினார்கள்.

விளையாட்டு இலவசமல்ல, ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரே கணினியை ப்ரொஜெக்டரில் இணைத்து, ஐந்தைந்து பேராக முறைவைத்துச் செய்தால் போதும். ஒருவர் ஓட்ட, ஒருவர் எண்களைக் குறிக்கலாம். விசைப்பலகையை மட்டும் தினமும் ஒரே பையன் பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.